நாயைக் கல்லால் அடிக்கும் பிள்ளைகள்: வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 4 முதல் 7-ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறேன். மைதானத்துக்கு வரும் நாய்களைப் பிள்ளைகள் கல்லால் அடிக்கிறார்கள். ஓணானுக்குச் சுருக்கு வைக்கிறார்கள், தட்டானுக்கு நூல் கட்டுகிறார்கள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறவில்லை. விலங்குகளிடம் அன்பாக இருப்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்:

சொல்லிக் கேட்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகளிடம் இரக்கமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பாரி, பேகன், மனுநீதிச் சோழன் எல்லோரும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். மயிலுக்குப் போர்வை தந்த மன்னனைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, மணி அடித்ததும் வெளியே போய்க் கல்லை எடுப்பார்கள். எதிரே நிற்கும் நாய் அடுத்து என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் பயம், பயம் வந்தால் கை கல்லைத் தேடும். ஆகவே 'அன்பாக இரு' என்பதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். விலங்கின் உடம்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், அதற்கு வேண்டியதைச் சரியாகச் செய்யவும் பழக்குங்கள். விவரம் தெரியாத அன்பும் உயிரைக் குடிக்கும். பூனைக்குட்டிக்குப் பசும்பால் வைப்பவர், விழுந்த குஞ்சின் அலகில் தண்ணீர் ஊற்றுபவர், மாட்டுக்கு ஒரு பானைப் பொங்கலைக் கொட்டுபவர் எல்லோரும் அன்பானவர்கள்தான்.

முதலில் யார் எதற்காகச் செய்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். பயத்தில் எறியும் பிள்ளை தனியாக இருக்கும்போது எறியும், எறிந்ததும் ஓடும். கும்பலில் வீரம் காட்டும் பிள்ளை நாயைப் பார்க்காது, நண்பர்களின் முகத்தைப் பார்க்கும். தட்டானுக்கு நூல் கட்டுபவனும், பொன்வண்டைத் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்ப்பவளும் கொடுமைக்காரர்கள் அல்லர். அந்தப் பூச்சியின் மேல் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. உங்கள் வகுப்பில் நல்ல இயற்கையியலாளர் ஒருவர் உருவானால் அவர் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார். மூன்று பேருக்கும் ஒரே திட்டு விழுவதால்தான் திட்டு வேலை செய்வதில்லை. நான்காவதாக ஒரு வகை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்: பார்ப்பது மட்டும்

ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. ஒரு நாளைக்கு ஒரு குழு, பத்து நிமிடம், ஒரு விலங்கு. நாயென்றால் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி, ஓணான், அணில் என்றால் மூன்று மீட்டர். பேசக் கூடாது, உணவு காட்டக் கூடாது. நோட்டில் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'நாய் சோகமாக இருக்கிறது' என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். 'காது பின்னால் மடங்கியிருக்கிறது, வால் காலிடுக்கில் இருக்கிறது, மூன்று முறை உதட்டை நக்கியது' என்று எழுதினால் சரி. என்ன அர்த்தம் என்பதை வகுப்புக்குத் திரும்பிய பிறகு பேசலாம்.

முழு வகுப்பையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் இது கெட்டுப்போகும். நாற்பது பேர் வந்து நின்றால் காக்கை பறந்துவிடும், நாய் எழுந்து போய்விடும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு தவறு, மதிய உணவுக்குப் பிறகு போவது. அந்த வெயிலில் எல்லா உயிரும் நிழலில் படுத்திருக்கும். காலை முதல் பாடவேளையோ, மாலை மூன்றரைக்கு மேலோ நல்லது.

தொடங்குவதற்கு ஓணான்தான் சரியான ஆள், ஏனென்றால் கிராமத்துப் பிள்ளைகளிடம் அதிகம் அடிபடுவது அதுதான். தலையை ஆட்டி நம்மைக் கேலி செய்கிறது, கழுத்து சிவந்தால் தூரத்திலிருந்தே ரத்தத்தை உறிஞ்சுகிறது என்றெல்லாம் சொல்லி அடிப்பார்கள். உண்மையில் கழுத்து சிவப்பது இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணானுக்கு. தலையை ஆட்டுவதும், முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் 'இது என் இடம்' என்று இன்னொரு ஓணானுக்குச் சொல்லும் செய்தி. பெண்ணைக் கவரவும் அதையே செய்யும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தலையாட்டுகிறது, எந்தத் திசையைப் பார்த்து, அங்கே இன்னொன்று இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். வேலியில் இருக்கும் ஓணானுக்கு வகுப்பு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன் மேல் கல் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். பொன்வண்டுக்காரர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டாம். பிடித்த இடத்திலேயே மாலைக்குள் விட்டுவிட வேண்டும், அதற்குமுன் படம் வரைந்துகொள்ளலாம் என்று பேசி முடியுங்கள்.

நாயின் உடம்பைப் படிப்பது

இதற்கு ஒரு முழுப் பாடவேளை வேண்டும். கரும்பலகையில் நான்கு நாய்கள் வரைந்தாலே போதும்.

வாலை ஆட்டினால் நட்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால்தான் நட்பு. வால் விறைப்பாக மேலே நின்று நுனி மட்டும் வேகமாக ஆடினால் நாய் முறுக்கேறி நிற்கிறது, விலக வேண்டும். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு முன்காலைத் தூக்குவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது ஆகிய ஐந்தும் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்பதற்கான மெல்லிய அறிவிப்புகள். உடம்பு அசையாமல் உறைவது அடுத்த கட்டம். உறுமல் அதற்கும் அடுத்தது. உறுமும் நாயை அடித்து அடக்கினால், அடுத்த முறை அது உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமல் நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதைக் கேட்டு விலகுவதுதான் மரியாதை என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

எந்த நாயை நெருங்கவே கூடாது: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், சங்கிலியில் கட்டிய நாய், கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய். கடைசி இரண்டையும் சீண்டுவது பள்ளி போகும் வழியில் பிள்ளைகளுக்குத் தினசரிப் பொழுதுபோக்கு. அவிழ்ந்த அன்றைக்குத்தான் விளைவு தெரியும்.

தெரிந்த வீட்டு நாயைத் தொட வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று, கையை நாய் பக்கம் நீட்டாமல் தொங்கவிட்டு, அதுவே வந்து மோந்து பார்க்க இடம் தர வேண்டும். வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நாய் இன்னும் நெருங்கினால் தொடரலாம்; விலகினால் அவ்வளவுதான். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவதும் கட்டிப்பிடிப்பதும் நமக்குப் பாசம், நாய்க்கு மிரட்டல். சிறு பிள்ளைகளுக்கு முகத்தில் கடி விழுவது பெரும்பாலும் இப்படி முகத்தோடு முகம் வைக்கும்போதுதான்.

அடுத்தது பயிற்சி. துரத்தி வரும் நாயிடமிருந்து ஓடக் கூடாது என்று வாயால் சொல்வது வீண், பயந்த கால் ஓடத்தான் செய்யும். உடம்புக்குப் பழக்க வேண்டும். 'மரம்' என்று நீங்கள் கத்தியதும் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்: கால்கள் ஊன்றி, கைகள் முன்னால் கோர்த்து, பார்வை தன் பாதத்தில், சத்தம் இல்லாமல். மனத்துக்குள் முப்பது எண்ண வேண்டும். நாய் மோந்துவிட்டுப் போய்விடும்; பிறகு முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கலாம். 'கல்' என்றால் கீழே விழுந்துவிட்டதாக அர்த்தம்: முட்டி போட்டுச் சுருண்டு, முகத்தை உள்ளே வைத்து, விரல்களைக் கழுத்துக்குப் பின்னால் கோர்த்து, முழங்கையால் காதை மூடிக்கொள்ள வேண்டும். உடற்கல்விப் பாடவேளையில் ஓட்டத்தின் நடுவே எதிர்பாராமல் கத்துங்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மாதம் போதும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. தனக்கு ஒரு வழி தெரியும் என்ற தைரியம் வந்த பிள்ளையின் கையிலிருந்து கல் தானாக இறங்கும். கல்லடி பட்ட நாய்தான் அடுத்து வரும் பிள்ளையைத் துரத்துகிறது என்பதையும் அப்போது சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

நாயைக் கண்டு நடுங்கும் பிள்ளையை 'தொட்டுப் பார், ஒன்றும் செய்யாது' என்று இழுக்காதீர்கள். பத்து மீட்டரிலிருந்து படம் வரையட்டும். அந்த வருடம் அது போதும்.

கடித்துவிட்டால்

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடித்த அன்றே சரியாகச் செய்தால் அநேகமாக எல்லோரும் பிழைக்கலாம். உலக அளவில் வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளிடம் உள்ள பெரிய ஆபத்து, கடித்ததை மறைப்பது. 'நீதானே சீண்டினாய்' என்று அடி விழும் என்ற பயம். அதனால் வகுப்பில் ஒரு வாக்குக் கொடுங்கள்: கடி, கீறல் என்று யார் வந்து சொன்னாலும் திட்டு கிடையாது, கேள்வி பிறகு. பெற்றோர் கூட்டத்திலும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். சாதாரணத் துணி சோப்பு போதும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. தேதிகளை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ரத்தம் வரும் அளவுக்குக் கடி ஆழமென்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தையும் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். அது அங்கே இல்லாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்ற பயம் பாட்டிமார் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. அந்த மருந்து நின்று 20 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான் ஊசி.

கதையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஜோசப் மைஸ்டர் இருக்கிறான். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தை 1885 ஜூலை 6 அன்று அவனுக்குச் செலுத்தத் தொடங்கினார், பிழைத்தான். அந்தத் தேதியில்தான் விலங்குவழி நோய்கள் தினம் வருகிறது. அதையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் வளர்ப்பு நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள். தன் வீட்டு நாயைக் கூட்டிப்போய் ஊசி போட்டு வருவதைவிடப் பெரிய வீட்டுப்பாடம் ஒன்றும் ஜூலையில் தேவையில்லை.

சத்துணவு மிச்சமும் வளாகத்து நாய்களும்

பள்ளிக்குள் நாய் வருவதற்குக் காரணம் அநேகமாகத் தட்டு கழுவும் இடம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் வைக்கும்படி உத்தரவிட்டது. அது உள்ளாட்சி அமைப்பின் வேலை. தலைமையாசிரியர் எழுத்தில் கேட்க வேண்டியது. பிள்ளைகள் கையில் தடியைக் கொடுக்கும் உத்தரவு அல்ல என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது எளிது: மிச்சச் சோற்றுக்கு மூடியுள்ள வாளி, கழுவுமிடத்தை உடனே சுத்தம் செய்ய இரண்டு பேர், வளாகத்துக்குள் நாய்க்குச் சோறு போடுவதில்லை என்ற விதி. கையால் ஊட்டுவது எங்கேயும் வேண்டாம். ஒருவன் ஊட்டிப் பழக்கிய நாய் அடுத்தவன் கையிலிருக்கும் முட்டைக்குத் தாவும். கெட்ட பெயர் நாய்க்கு.

காதின் நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்தால் அது கருத்தடை செய்யப்பட்டது என்று சொல்லிக்கொடுங்கள். யாரோ அடித்து அறுத்துவிட்டார்கள் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மிச்சச் சாப்பாட்டில் இன்னொரு பாடம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்த சோற்றை மாடு பையோடு விழுங்கும். பை செரிக்காது, வெளியேயும் வராது. ஆண்டுக்கணக்கில் பெருவயிற்றில் சேர்ந்து பந்தாக உருண்டு, தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதனால் காய்த்தோலைக் கட்டாமல் போட வேண்டும் என்பதை வீடுவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். அரிசிச் சோறும் ஆபத்துதான். மாட்டுப் பொங்கலன்றும் கல்யாணத்துக்கு மறுநாளும் அன்போடு வாளிவாளியாகச் சோறு வைப்பார்கள். அசைபோடும் வயிற்றில் சோறு வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மாடு தீவனம் எடுக்காது, வயிறு அசையாது, கழியும், படுத்துவிடும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் இதைச் சொல்லி அனுப்புங்கள்: மாட்டுக்குப் பொங்கல் ஒரு கைப்பிடி, மீதிக்கு வைக்கோலும் பசும்புல்லும்.

தண்ணீர்ச் சட்டி

எல்லாப் பள்ளியிலும் மார்ச் மாதம் பறவைக்குத் தண்ணீர் வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். ஏப்ரலில் அந்தச் சட்டி காய்ந்து கிடக்கும், அல்லது கொசுப்புழு நெளியும். வைப்பது எளிது, தினமும் மாற்றுவதுதான் பாடம்.

வாய் அகன்ற மண்சட்டி, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல். தேனீயும் அணிலும் விழுந்தால் ஏற அது வேண்டும், இல்லாவிட்டால் செத்து மிதக்கும். நிழலில், ஆனால் பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புதிது ஊற்ற வேண்டும். சோப்பு கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிவிடும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். இதையே அறிவியல் பாடமாக்கிவிடலாம்.

பெயர்ப்பட்டியல் போடும்போது சனி, ஞாயிறு யார் என்று முதலில் எழுதுங்கள். தண்ணீர் மிகவும் தேவைப்படும் மே மாதத்தில் பள்ளியே பூட்டியிருக்கும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ ஒப்படைக்க முடிந்தால் சட்டி வையுங்கள். முடியாதென்றால் ஏப்ரல் கடைசி நாளில் ஆளுக்கொரு சட்டியாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வளாகத்துச் சட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். வகுப்பறையில் மீன்தொட்டி, முயல் வளர்ப்பதற்கும் இதே கேள்விதான்: மே மாதம் யார்? பதில் இல்லாத பள்ளியில் வகுப்பறைப் பிராணி வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து.

வீட்டில் இருப்பவை

கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் ஆடு, மாடு, கோழி ஏதோ ஒன்று இருக்கும். அவர்களுக்கு நீங்கள் சொல்வதைவிட அவர்கள் உங்களுக்குச் சொல்வது அதிகம் இருக்கும், சொல்ல விடுங்கள். கறவை மாடு ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கிறது என்று வீட்டில் எண்ணி வரச் சொல்லுங்கள். 50, 60 லிட்டர், கோடையில் அதற்கும் மேல் என்று தெரியும்போது, காலை மாலை இரண்டு வாளியோடு நிறுத்தும் வீடுகள் தானாகத் தெரியவரும். ஆட்டுக்கு 4, 5 லிட்டர்.

வீட்டுக்கு வீடு நடக்கும், யாரும் கவனிக்காத ஒரு கொடுமை கழுத்துக் கயிறு. குட்டியாக இருக்கும்போது கட்டியது. நாய்க்குட்டியும் கன்றும் வளரும், கயிறு வளராது. மயிருக்குள் மறைந்து தோலை அறுத்துப் புழு வைத்தபிறகுதான் நாற்றத்தில் தெரியும். சோதனை: கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை. 'இரண்டு விரல்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் ஒரே வாரத்தில் தெரு முழுக்கச் சோதித்துவிடுவார்கள். வளர்ந்த நாயிடம் மட்டும் வீட்டுப் பெரியவர் செய்யட்டும்.

பள்ளி வாசலிலும் திருவிழாவிலும் விற்கும் கலர் கோழிக்குஞ்சு பற்றி ஒரு நாள் பேசுங்கள். முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சால் பண்ணைக்கு லாபமில்லை; அதற்குத்தான் சாயம் பூசிப் பத்து இருபது ரூபாய்க்கு விற்கிறார்கள். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரிச் சூடு இரவும் பகலும் வேண்டும். அட்டைப்பெட்டியும் ஒரு பிடி அரிசியும் வைத்தால் குளிரிலேயே இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். 'வாங்காதே' என்பதைவிட இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பெட்டிக்குள் ஒரு பக்கம் குண்டு பல்பு, குஞ்சுகள் பல்பின் அடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரத்தில் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், அதைப் பார்த்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

பூனைக்குட்டி, நாய்க்குட்டிக்குப் பசும்பால் வேண்டாம். கழிச்சல் வந்து நீர்ச்சத்து வற்றிவிடும். தனியாகக் கத்தும் குட்டிகளை உடனே தூக்கிவரவும் வேண்டாம், தாய் பெரும்பாலும் இரை தேடப் போயிருக்கும். எட்டு வாரத்துக்குமுன் தாயிடமிருந்து பிரிப்பதும் தவறு. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும், நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வகுப்பில் யார் வீட்டில் கிளி இருக்கிறது என்று கை தூக்கச் சொல்லாதீர்கள்; பொதுவாகச் சொல்லிவிட்டு விடுங்கள்.

விழுந்த குஞ்சு

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை யாராவது ஒரு பிள்ளை உள்ளங்கையில் குஞ்சோடு வந்து நிற்கும். இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதா? பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. பூனை எட்டாத தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். கூடு எட்டாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டலாம். மரம் ஏறுவது பெரியவர் வேலை. காக்கைக் குஞ்சென்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடிபட்ட பறவை வேறு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பருத்தித் துணி, மூடி, சத்தமில்லாத இடம். தண்ணீரை அலகுக்குள் ஊற்றவே கூடாது, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். சோறு, பால் ஒன்றும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் திறந்து பார்ப்பதுதான் பறவையைக் கொல்கிறது. பெட்டியை உங்கள் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

பாம்புக்கு விதி ஒன்றுதான்: விஷமா இல்லையா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதும் இல்லை. நின்று, பின்வாங்கி, பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் தீயணைப்புத் துறையை அழைப்பார்.

'அப்போ கறி சாப்பிடலாமா சார்?'

நிச்சயம் கேட்பார்கள். இதைச் சைவப் பிரசாரமாக்கினால் பாடம் அங்கேயே முடிந்தது. ஆடு வெட்டும் வீட்டுப் பிள்ளையும் கோழிக்கடைக்காரர் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் தலைகுனிய ஒரு சொல் வரக் கூடாது. சாப்பிடுவது அவரவர் வீட்டு வழக்கம், உயிரோடு இருக்கும்வரை அதைத் துன்புறுத்தாமல் இருப்பது எல்லோருக்கும் பொது என்று நேராகச் சொல்லுங்கள். கோழியைக் காலில் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடுவதையும், ஒரு சிறு வண்டியில் பத்து மாடுகளை நெருக்குவதையும் பற்றிக் கறி சாப்பிடும் பிள்ளைகளும் பேசலாம்.

சட்டத்தைப் பற்றி 6, 7-ஆம் வகுப்புக்கு ஒரு பத்து நிமிடம் போதும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவில் உள்ள அடிப்படைக் கடமைகளில் ஒன்று. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய். இது சரியா என்று விவாதம் வைத்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் பேசுவார்கள். விலங்கைக் கொல்வதோ முடமாக்குவதோ பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த நான்காவது வகை

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தனியாக, திரும்பத் திரும்ப, விலங்கு துடிப்பதைப் பார்க்கவே செய்கிறது என்றால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அந்த வீட்டில் யாரோ யாரையோ அடிக்கிறார்களோ, அடிபடுவது இந்தப் பிள்ளையேதானோ என்று யோசிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் நிறுத்துவது, 'இனி அடிக்க மாட்டேன்' என்று நூறு முறை எழுதவைப்பது இரண்டும் நிலைமையை மோசமாக்கும். தனியாக உட்காரவைத்து, நாயைப் பற்றிக் கேட்காமல் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் 1098 குழந்தைகள் உதவி எண். அதுவரை அந்தப் பிள்ளையிடம் விலங்கை ஒப்படைத்துத் திருத்தலாம் என்று முயல வேண்டாம். தண்ணீர்ச் சட்டிப் பட்டியலில் பெயர் இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளையோடு.

மற்ற கல்லெறிகளுக்குத் தண்டனையாக வேலை கொடுங்கள், அதுவும் அன்றே: அடித்த நாயை அடுத்த மூன்று நாள் தூரத்திலிருந்து பத்து நிமிடம் பார்த்து எழுதிவர வேண்டும். நொண்டுகிறதா, எங்கே படுக்கிறது, யாரைக் கண்டால் ஓடுகிறது என்று.

உங்கள் ஊர்க் கால்நடை உதவி மருத்துவரைப் பருவத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். பள்ளியில் தேசிய பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இருந்தால் அதன் பெயரில் அழைப்பது சுலபம். உரை நிகழ்த்தச் சொல்லாமல் மூன்று கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவரும் அறிவுரைதான் சொல்வார். வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டியவை: கால்நடை அவசர ஊர்தி 1962, தீயணைப்பு 101, குழந்தைகள் உதவி 1098, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரம். கடைசி இரண்டையும் பிள்ளைகளையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.